வாரந்தோறும் ஒரு சொற்போர்



மாணவர் அரசியல் பேசலாமா என்னும் கேள்வி நம் நாட்டில் மிகப் பழையது. அதற்கு விடை தேடி நாம் காலத்தைப் போக்க வேண்டியதில்லை. விடுதி உணவுக்கூடத்திலும், பேருந்து நிறுத்தத்திலும், தேநீர்க் கடைப் பலகையிலும் அரசியல் நாள்தோறும் பேசப்பட்டே வருகிறது. அப்பேச்சில் குரல் உண்டு, சான்று குறைவு. வெற்றி உண்டு, தெளிவு குறைவு. பேசியவர் இருவரும் தாம் வந்த கருத்தோடே திரும்பிச் செல்வர். அத்தகைய பேச்சை ஒரு கல்வியாக மாற்றுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கிழக்கேகோட்டையை அடுத்த ஒரு மாடியறையில், இடதுசாரிச் சார்புள்ள மாணவர் சிலர் வாரந்தோறும் கூடி அரசியல் விவாதம் நடத்துகின்றனர். அவ்வட்டத்திற்கு மூன்று ஆண்டுகளாக நான் சென்று வருகிறேன். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, கொடி இல்லை, சந்தாவும் இல்லை. வருவோர் பதினைந்து பேருக்கு மேற்படுவதில்லை. அவருள் தமிழர் நால்வர், ஏனையோர் மலையாளிகள். அவ்வட்டத்தின் வார வேலைகளை நம் சங்கத்து மாணவர் படித்துப் பயன்கொள்ளும் வகையில் எழுதித் தருமாறு இதழ்க் குழுவினர் கேட்டனர். ஆதலின் இதனை ஒரு பாடமாகவே எழுதுகிறேன். இடதுசாரிக் கருத்தை ஏற்பாரும் மறுப்பாரும் இதனைப் படிக்கலாம்; முறை இருவருக்கும் பொதுவானது.

1. இடம்

பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாயிலே கிழக்கேகோட்டை எனப் பெயர் பெற்றது. வாயிலுக்கு வெளியே நகரப் பேருந்துகள் வந்து கூடுகின்றன. கிழக்கு நோக்கிச் சாலைக் கடைத்தெரு நீள்கிறது. திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சந்தை அது. அரிசியும் பருப்பும் மிளகாயும் மூட்டை மூட்டையாக அங்கே இறங்குகின்றன. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வழங்குகின்றன. அருகில் காந்தி பூங்கா. பல கட்சியினரும் மேடையிட்டுப் பேசும் இடம். சற்று அப்பால் புத்தரிக்கண்டம் மைதானம். புத்தரிசி விளைந்த வயல் என்பது அப்பெயரின் பொருள்.

இவ்விடத்தை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக வளாகத்துள் கூடினால், நம்மைப் போன்றோரே நம் பேச்சைக் கேட்பர். காரியவட்டத்திலிருந்து பேருந்தேறி வந்து சந்தையருகே கூடினால், தொழிலாளர் கூலியைப்பற்றிப் பேசும்போது அக்கூலியை வாங்குவோரின் குரல் சன்னல் வழியே கேட்கும். விவாதத்திற்கு அது நல்ல கடிவாளம்.

2. முன்னோர்

இத்தகைய கூட்டங்கள் மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்தவை என்று எண்ணுவார் உளர். பட்டிமண்டபம் என்னும் சொல் மணிமேகலையிலேயே உள்ளது. அக்காப்பியத்தின் தலைவி வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரையும் ஒவ்வொருவராக அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். தான் ஏற்காத கொள்கைக்கும் முழுச்செவி கொடுக்கிறாள். திருக்குறளும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் என மூன்றை வகுத்துள்ளது. இந்நகரின் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891 இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். ஆகவே சிந்தனையும் சொல்லும் சேர்ந்து வளர்ந்த மண்ணில்தான் நாம் நிற்கிறோம்.

இடதுசாரி மரபும் இந்நகருக்குப் புதிதன்று. 1931 இல் என். சி. சேகர், பொன்னறை ஸ்ரீதர் முதலிய இளைஞர் சிலர் திருவனந்தபுரத்தில் கம்யூனிஸ்டு லீக் என்னும் சிறு குழுவை அமைத்தனர். 1936 ஆகஸ்டில் லக்னோவில் அகில இந்திய மாணவர் பெருமன்றம் பிறந்தபோது, நேரு தொடங்கி வைத்தார். ஜின்னா தலைமை தாங்கினார். பின்னாளில் வெவ்வேறு திசையில் சென்ற இருவர், மாணவர் முன்னே ஒரே மேடையில் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1957 ஏப்ரல் 5 ஆம் நாள் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை இந்நகரில் பதவியேற்றது. 1970 டிசம்பரில் இந்திய மாணவர் சங்கம் இந்நகரிலேயே தொடங்கப்பெற்றது.

தமிழ் மாணவர்க்கு நெருங்கிய பெயர்களும் உள்ளன. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த பூதப்பாண்டியில் 1907 இல் பிறந்தவர் ப. ஜீவானந்தம். பொதுவுடைமையைப் பேசிய நாவாலேயே கம்பனையும் பேசியவர் அவர். காசர்கோட்டில் பிறந்த ஆர். உமாநாத் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டு, படிப்பைத் துறந்து, சென்னைச் சதி வழக்கில் சிறை சென்றார். பின்னர் 1962 இலும் 1967 இலும் புதுக்கோட்டையிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வழக்கிலேயே சிக்கிய மோகன் குமாரமங்கலம் அதற்குமுன் 1938 இல் கேம்பிரிட்ஜ் மாணவர் விவாத மன்றத்தின் தலைவராக இருந்தவர். அடுத்த ஆண்டு அப்பதவியில் அமர்ந்தவர் இலங்கையின் பீட்டர் கெனமன். இருவரும் தத்தம் நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தனர். கெனமன் இறுதிவரை இடதுசாரியாகவே இருந்தார். குமாரமங்கலம் காங்கிரசில் சேர்ந்து 1971 இல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் இடம் பெற்றார். ஒரே மன்றத்தில் பயின்றவர் ஒரே இடத்தில் முடிவதில்லை. விவாத மன்றம் ஆளை வார்க்கும் அச்சு அன்று என்பதற்கு இதுவே சான்று.

3. ஒரு வாரத்தின் ஒழுங்கு

இனி எங்கள் வட்டத்தின் வார வேலையைக் கூறுகிறேன்.

ஞாயிறு: பொருள் அறிவிக்கப்படும். பொருள் ஒரு தலைப்பாக அன்றி ஒரு தீர்மானமாக எழுதப்பட வேண்டும். 'வேலையின்மை' என்பது தலைப்பு. அதை எவரும் மறுக்க இயலாது. 'அரசுப் பணிக்குரிய வயது வரம்பை உயர்த்துவது வேலையின்மையைத் தீர்க்காது' என்பது தீர்மானம், அதை மறுக்கலாம். மறுக்கக் கூடியதே விவாதத்திற்கு உரியது.

திங்கள்: சீட்டுக் குலுக்கல். யார் ஆதரித்துப் பேசுவது, யார் எதிர்த்துப் பேசுவது என்பதைச் சீட்டே முடிவு செய்யும். தன் மனத்திற்கு ஒவ்வாத பக்கம் விழுந்தாலும் மாற்றிக்கொள்ள இயலாது. இவ்விதி புதியவர்க்குக் கசக்கும். ஆனால் எங்கள் வட்டத்தின் உயிர் இதிலேதான் உள்ளது.

செவ்வாய் முதல் வியாழன் வரை: படிப்பு. பாளையத்தில் 1829 இல் தோன்றிய மாநில மைய நூலகம் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகமும் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஐந்து சான்றுச் சீட்டுகள் எழுத வேண்டும். ஒரு சீட்டில் ஒரே செய்தி. அதன்கீழ் நூலின் பெயர், ஆண்டு, பக்கம். கைப்பேசியில் கண்டதைச் சீட்டில் எழுதலாம். ஆயின் அது முதலில் எங்கே வெளிவந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கட்சி மேடையில் கேட்டது சான்றாகாது.

வெள்ளி: எதிர்ப்பக்கத்தார் தம் சீட்டுகளை ஒருவருக்கொருவர் காட்டுவர். வழக்குமன்றத்தில் ஆவணத்தை எதிர்வாதிக்கும் கொடுப்பது போன்றது இது. திடீரென ஒரு புள்ளிவிவரத்தை வீசி எதிரியைத் திணறடிக்கும் வித்தைக்கு இங்கே இடமில்லை.

சனி மாலை: விவாதம். முதலில் ஒரு வாக்கெடுப்பு. பின்பு ஆதரித்து இருவர், எதிர்த்து இருவர். ஒருவர்க்கு எட்டு நிமிடம். மறுப்புரைக்கு ஒரு தனி விதி உண்டு. எதிரியின் வாதத்தை மறுக்குமுன், அவ்வாதத்தைத் தன் சொல்லால் எடுத்துரைக்க வேண்டும். எதிரி 'ஆம், அதுவே என் கருத்து' என்று ஒப்பிய பின்னரே மறுப்புத் தொடங்கலாம். பல வாதங்கள் இவ்விடத்திலேயே முடிந்து போவதைக் கண்டிருக்கிறேன். எதிரி சொல்லாத ஒன்றையே நாம் மறுக்க வந்திருந்தோம் என்பது விளங்கிவிடும். பின்பு அவையோர் கேள்வி. இறுதியில் மீண்டும் வாக்கெடுப்பு. முன் வாக்குக்கும் பின் வாக்குக்கும் உள்ள வேறுபாடே குறிப்பேட்டில் ஏறும். யார் வென்றார் என்பது ஏறாது.

அடுத்த நாள் காலை: குறிப்பு எழுதுதல். இரு மொழியில் இரு குறிப்பேடுகள். தமிழ்க் குறிப்பேட்டை நாங்கள் நால்வரும் முறைவைத்து எழுதுகிறோம்.

மொழியைப்பற்றி ஒரு சொல். நம் மாணவருட் பலர் குமரி மாவட்டத்திலிருந்தும், இடுக்கியிலிருந்தும், பாலக்காட்டிலிருந்தும் வருகின்றனர். கடையில் மலையாளம் பேசும் மாணவனுக்கும் அவையில் அம்மொழி நாவில் எழுவதில்லை. அவன் மௌனமாக இருந்தால் கருத்தில்லாதவன் என்று கொள்கின்றனர். எங்கள் வட்டத்தில் தமிழர் தமிழிலேயே பேசலாம். சற்று நிறுத்திப் பேச வேண்டும், அவ்வளவே. மலையாளத் தோழர் பெரும்பாலும் புரிந்துகொள்கின்றனர், புரியாவிடத்துக் கைதூக்குகின்றனர். சமத்துவம் பேசும் கூட்டத்தில் ஒருவன் தன் தாய்மொழியால் ஊமையாவது பொருந்துமா?

4. ஓர் எடுத்துக்காட்டு: நோக்குக்கூலி

முறையை மட்டும் சொன்னால் பாடம் முடியாது. ஆதலின் ஒரு வாரத்து விவாதத்தை முழுதும் எடுத்துக் காட்டுகிறேன்.

கேரளத்தில் நோக்குக்கூலி என்றொரு வழக்கம் இருந்தது. சரக்கு ஏற்றும் இறக்கும் வேலையை இயந்திரமோ வேற்றாளோ செய்யும்போது, அவ்வட்டாரச் சுமைத் தொழிலாளர் அதனை நோக்கிக்கொண்டு நின்றதற்காக வாங்கிய கூலி அது. 1978 ஆம் ஆண்டுக் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம், தொழிலாளரைப் பதிவு செய்யவும், அவர்தம் வேலையையும் கூலியையும் நலத்தையும் ஒழுங்குபடுத்தவும் வந்தது. நோக்குக்கூலியோ அச்சட்டத்திற்கு வெளியே வளர்ந்தது. பினராயி விஜயன் தலைமையிலான இடதுசாரி அரசு, தொழிற்சங்கங்களோடு கலந்து பேசியபின், 2018 மே 1 முதல் அதனைத் தடை செய்தது. மே நாளன்று ஓர் இடதுசாரி அரசு தொழிலாளர் வாங்கிவந்த ஒரு கூலியைத் தடுத்தது என்றால், அதில் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி இருக்கத்தானே வேண்டும்?

எங்கள் தீர்மானம் இது: 'நோக்குக்கூலியை ஒழித்தது தொழிலாளர்க்கு இழப்பே.' முன் வாக்கில் பதினான்கு பேரில் ஒன்பது பேர் ஆதரித்தனர். இடதுசாரி வட்டத்தில் இது வியப்பன்று. தொழிலாளி வாங்கிய காசைத் தவறு என்று கூற எவர்க்கும் வாய் வரவில்லை.

ஆதரித்தவர் கூறியவை: இயந்திரத்தால் வரும் ஆதாயம் முழுதும் முதலாளிக்கே சேருகிறது. முதுகொடிந்து உழைத்தவன் ஒரே நாளில் வேண்டாதவனாகிறான். அவனுக்கு ஓய்வூதியம் போதாது. வேறு தொழில் தெரியாது. ஆகவே நோக்குக்கூலி ஒருவகை இழப்பீடே. பெயர்தான் இழிவாக ஒலிக்கிறது.

எதிர்த்தவர் கூறியவை: அக்கூலியைப் பெருமுதலாளி மட்டுமா கொடுத்தான்? வாழ்நாள் சேமிப்பில் வீடு கட்டும் ஆசிரியனும், வீடு மாற்றும் கூலிக்காரனும் கொடுத்தான். தொழிலாளி தொழிலாளியிடம் வாங்கியதை இழப்பீடு என்று எப்படிச் சொல்வது? உழைப்பே செல்வத்தின் ஊற்று என்று கூறும் இயக்கம், உழையாத கூலியை ஆதரித்தால் தன் அடிக்கல்லைத் தானே பெயர்ப்பதாகும். மேலும் அச்சம் காட்டி வாங்கும் காசு, சங்கத்தின்மேல் பொதுமக்களுக்கு இருந்த அன்பை அரித்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் சீட்டு விழுந்த ஒரு மாணவி, மனத்தளவில் ஆதரவாளர். ஐந்து சீட்டு நிரப்ப வேண்டி நூலகத்தில் தேடியபோது, அமெரிக்கத் துறைமுகத் தொழிலாளர் வரலாறு அவர் கையில் கிடைத்தது. 1960 இல் அந்நாட்டு மேற்குக் கரைத் துறைமுகங்களில், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான இடதுசாரித் தொழிற்சங்கம் கப்பல் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. இயந்திரம் வருவதைச் சங்கம் தடுக்காது. அதற்கு ஈடாக முதலாளிகள் ஒரு நிதி அமைத்து, பதிவு பெற்ற தொழிலாளர்க்கு வருவாய் உறுதியும் ஓய்வுபெறுவோர்க்குத் தொகையும் தர வேண்டும். அவர் எடுத்துக்காட்டிய பின், விவாதத்தின் போக்கே மாறிற்று. காசு வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அதை யார் கொடுப்பது, எந்த உரிமையால், எந்தக் கணக்கால் என்பதே வினா என்று எல்லார்க்கும் விளங்கிற்று. இயந்திரத்தால் ஆதாயம் பெறுவோன் சட்டப்படி நிதிக்குக் கொடுத்தால் அது உரிமை. வழியே போகிறவன் அஞ்சிக் கொடுத்தால் அது பறிப்பு.

அன்று சாலைச் சந்தையில் சுமை தூக்கும் பெரியவர் ஒருவரையும் அழைத்திருந்தோம். ஒரு மணி நேரம் பேசாது கேட்டிருந்தார். அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன்: "மக்களே, நீங்க ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பேசுறீங்க. சும்மா நின்னு வாங்குன காச வீட்டுல கொண்டு குடுக்க எனக்கும் கூச்சமாத்தான் இருந்துது. ஆனா ஒண்ணு கேக்கேன். மிஷின் வந்த அன்னைக்கு, நீ இனி என்ன வேல செய்யப் போறன்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே?"

அவர்க்கு விடை சொல்ல அவையில் எவரும் எழவில்லை. பின் வாக்கில் தீர்மானத்தை ஆதரித்தோர் நால்வர், எதிர்த்தோர் பதின்மர். ஆயினும் எதிர்த்த பதின்மருமே, அடுத்த வாரத்துப் பொருளாக 'வேலை இழந்த சுமைத் தொழிலாளர்க்கு மாற்றுத்தொழிற் பயிற்சி' என்பதையே முன்மொழிந்தனர். ஐந்து பேர் கருத்து மாறியது பெரிதன்று. மாறியவர்க்கு ஒரு கடமை பிறந்ததே பெரிது.

5. வாக்கும் உண்மையும்

விவாதத்தில் வாக்குப் பெற்றது உண்மையாகிவிடுமா? ஆகாது. 1933 பிப்ரவரி 9 ஆம் நாள் ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றம், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் போரிடமாட்டோம் என்ற தீர்மானத்தை 275 வாக்குக்கு எதிராக 153 வாக்கு இருக்க நிறைவேற்றிற்று. நாடே அதிர்ந்தது. ஆறு ஆண்டுகளில் உலகப் போர் மூண்டபோது, அத்தலைமுறை மாணவர் பெருந்தொகையினராகப் படையில் சேர்ந்தனர். அவர் பொய்யர் என்று நான் கூறேன். முதற்பெரும் போரின் கொடுமையை எண்ணி அன்று வாக்களித்தனர். நாசிசத்தின் கொடுமையை எண்ணிப் பின்பு போரிட்டனர். ஒரு மாலையின் வாக்கு அம்மாலையின் அறிவளவே பெறும் என்பதே இதனால் நாம் கொள்ளும் பாடம்.

தீர்மானம் செயலாகும்போது அதன் விலையையும் எண்ண வேண்டும். 1924 இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசு தோன்றிற்று. ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னோடி. சாதி வேற்றுமையை எதிர்த்தது. தாய்மொழிக் கல்வியை வேண்டிற்று. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு அழைத்து வந்தது. பின்பு இளைஞர் காங்கிரசு எனப் பெயர் கொண்ட அவ்வியக்கம், டொனமூர் அரசியலமைப்பு முழுத் தன்னாட்சி தரவில்லை என்று 1931 இல் சட்டசபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. கொள்கை தூயது, ஒற்றுமையும் வியக்கத்தக்கது. ஆனால் தென்னிலங்கை பின்பற்றவில்லை. வடக்கின் நான்கு இடங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அக்காலத்தில் சபையில் அம்மக்களுக்காகப் பேச எவரும் இலர். அம்முடிவு சரியா என்று இன்றும் வரலாற்றறிஞர் வாதிடுகின்றனர். எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு தீர்மானத்தின் அடியிலும் இரு வினாக்கள் எழுதப்படுவது இதனால்தான்: இது செயலானால் விலை என்ன? அவ்விலையைக் கொடுப்பவர் யார்?

6. சொல்லின் விலை

சொல்லுக்கே விலை கொடுத்த மாணவரும் உளர். 1949 இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1953 இல் அங்கே மாணவர் சோசலிசக் கழகம் தோன்றிற்று. பின்னாளில் வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற வாங் குங்வூ அதன் முதல் தலைவர். கழகம் 'ஃபஜார்' என்ற இதழை நடத்திற்று. மலாய் மொழியில் விடியல் என்பது பொருள். 1954 மே இதழில் ஆசியாவில் வல்லரசுகள் அமைக்கும் படைக் கூட்டணியைக் கண்டித்து ஒரு தலையங்கம் வந்தது. அதற்காக எட்டு மாணவர் இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டனர்.

அந்த எண்மரின் பெயர்களைப் பாருங்கள்: ஜேம்ஸ் புதுச்சேரி கேரளத்தில் பிறந்த மலையாளி, எட்வின் தம்புவின் தந்தை தமிழர், தாய் சீனப் பெண், அருட்சோதி, ராஜகுமார், போ சூ காய் என்போரும் உடனிருந்தனர். தமிழரும் மலையாளியும் சீனரும் ஒரே கூண்டில் நின்றனர். இங்கிலாந்திலிருந்து டி. என். பிரிட் வந்து வாதிட்டார்; அவருக்குத் துணை வழக்கறிஞராக நின்றவர் இளைஞர் லீ குவான் யூ. ஆகஸ்டில் எண்மரும் விடுதலையாயினர்.

கதை அங்கே முடியவில்லை. 1963 பிப்ரவரி 2 ஆம் நாள், லீ குவான் யூ சிங்கப்பூரின் பிரதமராக இருந்த காலத்தில் நடந்த பெருங்கைதில், புதுச்சேரியும் போ சூ காயும் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். ஒரே பக்கம் நின்று பேச்சுரிமைக்கு வாதிட்டவர், ஆட்சிக்கு வந்தபின் எதிர்ப்பக்கம் ஆயினர். எதிரியின் பேச்சுரிமையைக் காப்பது நம் கட்சி ஆளும் நாளிலும் நம் கடமையே என்பதை இதனினும் தெளிவாக எந்நூல் கற்பிக்கும்?

புதுச்சேரியிடம் நாம் கற்க இன்னொன்றும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் சாங்கிச் சிறையில் இருந்தபோது அவர் மலாயாப் பொருளாதாரத்தின் உடைமையும் ஆதிக்கமும் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1960 இல் வெளிவந்தது. மலாயாவின் செல்வம் சீனர் கையில் உள்ளது என்று பலரும் நம்பிய காலம் அது. ஐரோப்பிய நிறுவனங்களின் பிடியே வலிது என்று அவர் கணக்கால் காட்டினார். இனப்பகைக்குத் தீனியாகக் கூடிய ஒரு நம்பிக்கையை, கூச்சலால் அன்றிச் சான்றால் எதிர்த்தார். சான்றுச் சீட்டு எழுதச் சோம்புகின்ற தோழர், சிறையிலிருந்து எழுதிய அவரை எண்ணிக்கொள்க.

7. நாம் செய்யத்தக்கவை

நம் சங்கத்திலும் இத்தகைய வட்டம் ஒன்று தொடங்கலாம். பெருநிதி வேண்டா, மேடை வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. வேண்டுவன இவை:

முதலாவது, பத்துப் பேர் போதும். ஆனால் அவருள் மூவராவது மாறுபட்ட கருத்தினராக இருத்தல் வேண்டும். ஒத்த கருத்தினர் மட்டும் கூடினால் அது பஜனை மடம். எத்தனை ஆண்டு பாடினாலும் பாட்டு மாறாது. இடதுசாரி வட்டங்களுக்கு இவ்வாபத்து மிகுதி. தாம் ஏழைகளின் பக்கம் நிற்பதாலேயே தம் வாதமும் சரியாகவே இருக்கும் என்னும் நம்பிக்கை எளிதில் வந்துவிடுகிறது. நல்ல நோக்கம் தவறான கணக்கைத் திருத்தாது.

இரண்டாவது, நாளும் நேரமும் மாறலாகாது. தேர்வு வந்தாலும், மழை வந்தாலும், மூவரே வந்தாலும் கூட்டம் நடைபெற வேண்டும். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் தவறுவது எளிது.

மூன்றாவது, பெண்கள் பார்வையாளராக அன்றிப் பேச்சாளராக வர வேண்டும். ஆக்ஸ்போர்டில் பயின்ற பார்வதி கிருஷ்ணன் 1957 இல் கோயம்புத்தூரிலிருந்து நாடாளுமன்றம் சென்றதை நினைவில் கொள்க. கூட்டம் இருட்டுமுன் முடிந்தால் விடுதி மாணவியர் வருவதற்கு இடையூறு குறையும். சிறு செய்தி போலத் தோன்றும் இதிலேதான் பல சங்கங்கள் தோற்கின்றன.

நான்காவது, மாதம் ஒருமுறையாவது, விவாதப் பொருளால் வாழ்வு பாதிக்கப்படும் ஒருவரை அழைத்து இறுதிச் சொல்லை அவர்க்குத் தர வேண்டும். மீன்விலையைப் பேசினால் மீன் விற்பவர்; பேருந்துக் கட்டணத்தைப் பேசினால் நடத்துநர்.

ஐந்தாவது, எதிர்க்கருத்தினரை மேடையில் மதிக்க வேண்டும். 1943 இல் கம்பராமாயணத்தைக் குறித்து அண்ணாவும் ரா. பி. சேதுப்பிள்ளையும் சென்னையில் ஒரே மேடையில் சொற்போர் புரிந்தனர். எரிக்க வேண்டும் என்பாரும் போற்ற வேண்டும் என்பாரும் ஓரவையில் அமர்ந்து வாதிட்ட மொழி நம் மொழி. இன்று தன் கட்சியைச் சாராதவன் எழுதியதைப் படிப்பதே துரோகம் என்று எண்ணும் நிலை எல்லாப் பக்கமும் வளர்ந்துள்ளது. இந்நோய்க்கு மருந்து வாரத்தில் இரண்டு மணி நேரம் என்றால், அது மலிவே அன்றோ?

தோழர்களே, பட்டம் பெற்றபின் நாம் ஆசிரியராவோம், அலுவலராவோம், வணிகராவோம், வழக்கறிஞராவோம். அங்கெல்லாம் நாம் எடுக்கும் முடிவு பிறர் வாழ்வைத் தொடும். 'நீ இனி என்ன செய்யப் போகிறாய்?' என்று அச்சுமைத் தொழிலாளியிடம் எவரும் கேட்கவில்லை. அக்கேள்வியைக் காலத்தில் கேட்கத் தெரிந்தவராக நாம் வெளியேற வேண்டுமானால், இன்றே கேட்கப் பழக வேண்டும். முதற்கூட்டத்திற்குரிய தீர்மானத்தை எழுதிச் சங்கப் பெட்டியில் இடுங்கள். அதனை எதிர்த்துப் பேச ஒருவரையும் நீங்களே தேடிப் பிடியுங்கள்.